பாதி மொட்டை டயர், முழு உண்மை சொல்லும்!

ஒரு சின்ன கேள்வி மக்களே. ஒரே டயர் பாதி புதுசாவும் பாதி மொட்டையாவும் இருக்க முடியுமா?

தாராளமா முடியும்! காருக்குப் பக்கத்துல நின்னு பார்த்தா பட்டன் எல்லாம் பளிச்சுனு இருக்கும். 'இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்'னு தோணும். அதே டயரோட உள்பக்க ஓரத்துல கையை விட்டுப் பாருங்க. கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். ரொம்ப முத்திப்போன கேஸ்னா ரப்பருக்கு உள்ளே இருக்கிற கம்பியே எட்டிப் பார்க்கும்!

இந்த வியாதிக்குப் பேர்போன ஒரு கார் இருக்கு. பி.எம்.டபிள்யூ இஸட்3. ரெண்டே சீட், துணிக் கூரை, நீள மூக்கு... பக்கா ரோட்ஸ்டர். நம்ம ஊர் ரோட்டுல இதைப் பார்க்கிறது அபூர்வம்தான். ஆனா வீல் அலைன்மென்ட்னா என்னன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஸோ, ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்துடலாமா?

பாண்டு ஓட்டின காரு, பழைய பின்பக்கம்

1995-ல வந்த 'கோல்டன் ஐ' படத்துல பியர்ஸ் பிராஸ்னன் ஓட்டினாரே, அதே கார்தான். அமெரிக்காவுல தெற்கு கரோலினா மாநிலத்தின் ஸ்பார்ட்டன்பர்க் தொழிற்சாலையில் 2002 வரைக்கும் தயாரானது.

ஒரு சுவாரஸ்யம் கேளுங்க. இஸட்3-யின் அடித்தளம் 1990-ல வந்த 'இ36' 3 சீரிஸ் காரோடது. அந்தக் கார்ல பின்சக்கரங்களுக்கு மல்ட்டி-லிங்க் சஸ்பென்ஷன் இருந்தது. ஆனா இஸட்3-க்கு அதை மாட்டலை. அதுக்கும் முந்தைய 'இ30' காலத்து செமி டிரெய்லிங் ஆர்ம் முறையையே மாட்டினாங்க. சின்ன இடத்துல அடங்கும், செலவும் கம்மி. 2002-ல அடுத்ததா வந்த இஸட்4-லதான் மல்ட்டி-லிங்க் எட்டிப் பார்த்தது.

செமி டிரெய்லிங் ஆர்ம்னா? வீட்டுக் கதவை நினைச்சுக்கோங்க. கீல் நேரா இருந்தா கதவு நேரா திறக்கும். கீலைக் கோணலா மாட்டிட்டா? திறக்கத் திறக்க கதவே சாயும். இங்கேயும் அதே கதைதான். சக்கரத்தைத் தாங்குற கை கோணலான அச்சுல ஆடுது. அதனால சக்கரம் மேலே ஏறும்போது சும்மா ஏறாது. தலையை உள்ளே சாய்ச்சுக்கிட்டு, நோக்குற திசையையும் கொஞ்சம் மாத்திக்கிட்டு ஏறும்.

வயசாகி ஸ்பிரிங் தொய்ஞ்சு காரே தாழ்ந்துட்டா? சக்கரம் எப்பவுமே 'மேலே ஏறின' நிலையிலதான் நிக்கும். அதாவது, நிரந்தரமா சாய்ஞ்ச தலை! ஸ்டைலுக்காக உயரம் குறைஞ்ச ஸ்பிரிங் போட்டு காரை இறக்கினாலும் இதே ரிசல்ட்தான்.

ரெண்டு வில்லன்கள்

உங்க ஹவாய் செருப்பைத் திருப்பிப் பாருங்க. ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருக்கா? அது செருப்புக் கம்பெனியோட தப்பு இல்லை, உங்க நடை அப்படி! டயரும் அதே கேஸ்தான்.

வில்லன் நம்பர் 1: கேம்பர். முன்னாடியோ பின்னாடியோ நின்னு பார்த்தா சக்கரம் எவ்வளவு சாய்ஞ்சிருக்குங்கிற கணக்கு. மேல்பக்கம் காருக்குள்ளே சாய்ஞ்சா நெகட்டிவ் கேம்பர். வளைவுல கார் நல்லா பிடிச்சுக்கிட்டுப் போக இது கொஞ்சம் தேவை. அளவு மீறினா உள் ஓரம்தான் பாரத்தை எல்லாம் சுமக்கும்.

வில்லன் நம்பர் 2: டோ. மேலே இருந்து பார்த்தா ரெண்டு சக்கரமும் எந்தப் பக்கம் பார்க்குதுங்கிற கணக்கு. முன்முனைகள் ஒண்ணை ஒண்ணு பார்த்தா டோ-இன். வாத்து நடை மாதிரி விலகிப் பார்த்தா டோ-அவுட்.

பெரும்பாலும் பழி கேம்பர் மேலதான் விழும். ஏன்னா அது கண்ணுக்குத் தெரியுது. ஆனா டயரை வேகமா தின்கிறது டோதான்! நம்பலையா? பேனாவை எடுங்க.

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

ஒரு சக்கரம் நேர் திசையிலிருந்து அரை டிகிரி விலகியிருக்குன்னு வைங்க. சைன் 0.5 டிகிரி = 0.0087. அதாவது 1 கிலோமீட்டர் ஓடும்போது அந்தச் சக்கரம் பக்கவாட்டுல சுமார் 8.7 மீட்டர் தேய்ச்சு இழுக்கப்படுது. 10,000 கிலோமீட்டர் ஓடினா? 87 கிலோமீட்டர்! ஒரு டயரை உருள விடாம பக்கவாட்டுல தரதரன்னு அவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போறதைக் கற்பனை பண்ணுங்க. டயரோட நெகிழ்ச்சி இதுல ஒரு பங்கைத் தாங்கிக்கும். ஆனா மீதியை ரப்பர்தான் கொடுத்தாகணும்.

கேம்பர்? 200 மி.மீ. அகலத்துக்கு ரப்பர் ரோட்டைத் தொடுதுன்னு வைங்க. 2 டிகிரி சாய்ஞ்சா ரெண்டு ஓரத்துக்கும் நடுவே சுமார் 7 மி.மீ. உயர வித்தியாசம் வரும். டயர் அமுங்கி இதைச் சமாளிச்சுக்கும். ஆனா உள் ஓரம் அதிகமா அமுங்கும். கேம்பர் பாரத்தை உள் ஓரத்துல குவிக்க, டோ அந்த ஓரத்தை அரம் மாதிரி ராவ... ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்தா டயர் காலி!

மெஷின் 'ஓகே' சொன்னா போதுமா?

இங்கேதான் மேட்டரே இருக்கு. அலைன்மென்ட் மெஷின் அளக்கிறது நிக்கிற காரை. டயர் தேயுறதோ ஓடுற கார்ல!

அந்தக் கோணல் கை, காரோட சப்ஃபிரேம்ல ரப்பர் புஷ் வழியா மாட்டியிருக்கும். இருபது வருஷம் தாண்டின ரப்பர் எப்படி இருக்கும்? வெடிச்சு, தளர்ந்து கிடக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா பின்சக்கரம் முன்னால தள்ளும். தளர்ந்த புஷ்ல அந்தக் கை திரும்பி, டோ-இன் பக்கம் போகும். பிரேக் போட்டா அப்படியே உல்டா, டோ-அவுட்! ஆக, மெஷின் பச்சைக் கலர்ல 'பாஸ்' போட்டுக் கொடுத்தாலும், ரோட்டுல சக்கரம் இஷ்டத்துக்கு ஆடிக்கிட்டுத்தான் இருக்கும்.

இது வெறும் டயர் செலவு விஷயம் இல்லை. உயிர் விஷயம். இஸட்3 பின்சக்கரம் இழுக்கிற கார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே தூரம் வெறும் 2,446 மி.மீ. தான். இந்த மாதிரி குட்டைக் கார் சுழல ஆரம்பிச்சா சட்டுனு சுழலும். மழை நேரம், ஒரு வளைவு, பயந்து பிரேக் போடுறீங்க. எடை முன்னால சாயுது, பின்பக்கம் லேசாகுது, தளர்ந்த புஷ் சக்கரத்தை டோ-அவுட் ஆக்குது, உள் ஓரத்துல தண்ணியை வெளியேத்த பள்ளமே இல்லை. நாலும் ஒரே செகண்டுல நடந்தா பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும்!

இன்னொரு விஷயம். பிரிட்டன் சட்டப்படி கார் டயர்ல குறைஞ்சது 1.6 மி.மீ. பள்ளம் இருக்கணும். ஆனா அந்த அளவு பார்க்கிறது டயரோட நடு முக்கால் பாகத்துல. அதாவது, ஓரம் மொட்டையா இருந்தும் ஒரு டயர் அளவுல பாஸாகிட வாய்ப்பிருக்கு. கம்பி தெரிஞ்சாதான் கண்டிப்பா ஃபெயில். சட்டத்துல பாஸானா ரோட்டுலயும் பாஸ்னு அர்த்தம் இல்லை பாஸ்!

வைத்தியம் என்ன?

புது டயர் மாட்டுறது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாத்துற மாதிரி. சரியான வரிசை இதுதான்:

முதல்ல காத்து பிரஷர். அடுத்து காரை லிஃப்ட்ல ஏத்தி புஷ், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாத்தையும் பார்க்கணும். போனதை மாத்தணும். அப்புறம் கார் நிக்கிற உயரம் சரியான்னு அளக்கணும். இதெல்லாம் முடிஞ்சபிறகுதான் அலைன்மென்ட். அதுலயும் பி.எம்.டபிள்யூ முறைப்படி சீட்டுல எடை வெச்சு, ஆள் உட்கார்ந்த மாதிரி ஆக்கிட்டுத்தான் அளக்கணும். முதல்ல பின்பக்கம், அப்புறம் முன்பக்கம். ஏன்னா கார் போற திசையைத் தீர்மானிக்கிறது பின்சக்கரங்கள்.

இங்கே ஒரு ட்விஸ்ட். இஸட்3-யின் பின்பக்கத்துல கேம்பரையும் டோவையும் திருகி வைக்க கம்பெனி எந்த வசதியும் கொடுக்கலை! அதனால துளை மையத்துல இல்லாம தள்ளி இருக்கிற விசேஷ புஷ் மாட்டுறாங்க. இல்லைன்னா சப்ஃபிரேம்ல நீள்துளை உள்ள தகடுகளை வெல்டு பண்றாங்க. புஷ்ஷைத் திருப்பினா ஒரு கோணம் மட்டும் மாறாது, மத்ததும் கூடவே நகரும். பொறுமையா ரெண்டையும் சமன் பண்ணணும்.

'டயரை முன்னும் பின்னும் மாத்திப் போட்டா?' அதுவும் பல இஸட்3 கார்கள்ல நடக்காது. உதாரணமா 17 இன்ச் செட்டுல முன்னால 225, பின்னால 245 மி.மீ. அகலம்!

டயரை வாசிக்கலாம் வாங்க!

* ரெண்டு ஓரமும் தேய்ஞ்சு நடு மேடா இருக்கா? காத்து கம்மி.
* நடு மட்டும் தேய்ஞ்சிருக்கா? காத்து ஜாஸ்தி.
* ஒரு ஓரம் வழவழன்னு இருக்கா? கேம்பரைச் சந்தேகப்படுங்க.
* உள்ளங்கையை ஒரு பக்கம் தடவினா வழுக்கி, திரும்பத் தடவினா அரம் மாதிரி உரசுதா? டோ.
* அங்கங்கே குழி குழியா இருக்கா? ஷாக் அப்சார்பர்.
* ரெண்டு பின் டயரும் ஒரே மாதிரி தேய்ஞ்சா உயரம், புஷ்ஷைப் பாருங்க. ஒண்ணு மட்டும் தேய்ஞ்சா, எங்கேயோ இடிச்சு ஏதோ வளைஞ்சிருக்கலாம்.

நமக்கென்ன லாபம்?

நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான சின்ன ஹேட்ச்பேக் கார்கள்ல பின்பக்கம் டார்ஷன் பீம்தான். அதுலயும் பின்சக்கரக் கோணத்தைத் திருகி வைக்க பொதுவா வழி கிடையாது. ஸோ, அலைன்மென்ட் ரிப்போர்ட்ல பின்பக்கம் சிவப்பு கலர்ல வந்தா, 'அதை விடுங்க சார், முன்னாடி கரெக்ட் பண்ணிட்டோம்'னு சொன்னா தலையாட்டிட்டு வராதீங்க. ஏன் சிவப்புன்னு கேளுங்க. எதுவோ வளைஞ்சிருக்கலாம், இல்லை தளர்ந்திருக்கலாம்.

கோவை காரி ஸ்பீட்வேயில் நடத்தப்பட்ட ஃபார்முலா பாரத் மாதிரி போட்டிகளுக்குக் காரைத் தயார் பண்ற காலேஜ் டீம்களுக்கும் இது பொருந்தும். கம்ப்யூட்டர்ல போட்ட டிசைன் சரியான்னு ஓடி முடிச்ச டயர் சொல்லிடும்.

செகண்ட் ஹேண்டு கார் பார்க்கப் போறீங்களா? பெயின்ட்டையும் மியூசிக் சிஸ்டத்தையும் அப்புறம் ரசிக்கலாம். முதல்ல குனிஞ்சு, பின் டயரோட உள் ஓரத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. கம்பி நீட்டிக்கிட்டு இருக்கலாம், அதனால வெறுங்கையை விடுறதுக்கு முன்னாடி கண்ணை விடுங்க. ஓனர் சொல்லாத கதையை டயர் சொல்லும்!