சோடித்த காருக்கு விலை பேசு முன்

அரிசி மூடைக்கு விலை பேசும்போது மேலே கிடப்பதை மட்டும் பார்த்துக் காசு கொடுக்கும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. குத்தூசியை அடிவரை விட்டு எடுத்துப் பார்க்கிறோம். அதே வியாபாரி கார் வாங்கப் போனால் அலோய் ரிம்மையும் சைலன்சர் சத்தத்தையும் கண்டு மயங்கிவிடுகிறார். நானும் மயங்கி நின்றவன்தான்.

கட்டாரில் நான்கு வருடம் உழைத்து வந்த என் மருமகன், புளியந்தீவில் ஒரு ஹொண்டா சிவிக் விற்பனைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டு என்னையும் கூட்டிப் போனார். ஈகே3 எனப்படும் தொண்ணூறுகளின் மொடல். தாழ இறக்கிய பொடி, அகன்ற டயர், பின்னால் இறக்கை. சாவியைத் திருப்பியதும் வாவிக்கரையே அதிர்ந்தது. மருமகனின் முகத்தைப் பார்த்துவிட்ட விற்பனையாளர் ஒரு சதமும் குறைக்கவில்லை. அன்றே ஒரு லட்சம் ரூபா அட்வான்ஸ் கைமாறியது. ‘புக்’ என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றிதழை மறுநாள்தான் கையில் எடுத்தோம்.

புக்கில் எஞ்சின் கொள்ளளவு 1493 சீசீ. அது டி15பி எஞ்சின். பொனட்டைத் திறந்து துணியால் துடைத்துப் பார்த்தால், புளொக்கில் பி16ஏ என்று பொறித்திருக்கிறது. அது 1595 சீசீ. எஞ்சின் மாற்றியது குற்றமல்ல. மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்தாததுதான் வில்லங்கம். அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு பில்லும் இல்லை. நாளை பெயர் மாற்றப் போகும்போதும், விபத்தில் காப்புறுதி கேட்கும்போதும் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவரே. அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்புறுதிக் கம்பனி கையை விரிக்க இடமுண்டு.

ஆகவே முதலில் புக். அதன் பிறகுதான் கார். எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், நிறம், லீசிங் கம்பனியின் பெயர் ஏதும் இன்னும் ஏறிக் கிடக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். சாதாரண சிவிக்கில் சிவப்பு ‘எச்’ சின்னத்தை ஒட்டி டைப் ஆர் என்று சொல்வோர் உண்டு. அசல் டைப் ஆரின் செசி இலக்கம் ஈகே9 என்று தொடங்கும். மிட்சுபிஷி லான்சரை எவோ என்று காட்டுவதும் இதே கதைதான். ஏழு முதல் ஒன்பது வரையான எவோக்களின் செசி இலக்கம் சிடி9ஏ என்றே தொடங்கும். சின்னம் கடையில் கிடைக்கும், செசி இலக்கம் கிடைக்காது.

இரண்டாவது, காரைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் பண்ணியதும் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கஸ்கட்டைச் சந்தேகியுங்கள். நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு கொம்பிரஷன் பார்க்கச் செய்யுங்கள்; நான்கு சிலிண்டருக்கும் இடையில் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. டேர்போ பொருத்திய காராயின் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

பிறகு அடியில் குனியுங்கள். காரை இறக்குவதற்குச் சிலர் நல்ல ஸ்பிரிங் போடுவதில்லை, இருப்பதையே கிரைண்டரால் வெட்டி விடுகிறார்கள். வெட்டிய முனை கண்ணுக்குத் தெரியும். டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி. நமது ஊரில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். கல்லடி, காத்தான்குடி உப்புக்காற்றில் சிவிக்கின் பின்சில்லு வளைவு உள்ளிருந்தே துருவேறும். மேலே பட்டி போட்டுப் பெயின்ற் அடித்திருப்பார்கள். சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு போனால் போதும், பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் ஒட்டாது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு இன்னொன்றும் பார்க்க வேண்டியுள்ளது: கார்பெட்டைத் தூக்கி மண் படிந்திருக்கிறதா, சீற் பெல்ட்டை முழுவதும் இழுத்துக் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி விலை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களின் விலை கூரையில் ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தாலும், வயதெல்லை இருப்பதால் தொண்ணூறுகளின் மொடல் இனி வராது. ‘கிடைக்காத சாமான்’ என்று விற்பவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அவர் பொருத்தியதற்கெல்லாம் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதே மொடல், மாற்றம் எதுவும் செய்யாதது என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அதிலிருந்து இந்தக் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் உச்ச விலை. கழற்றிய அசல் பாகங்களைப் பெட்டியில் வைத்திருந்து தருபவருக்குச் சற்றுக் கூட்டிக் கொடுக்கலாம். அவற்றை விற்றுவிட்டேன் என்பவரிடம் கழிக்க வேண்டிய தொகை கூடும். கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கழற்றியிருந்தால் புகைப் பரிசோதனையில் தவறும் சாத்தியமும் உண்டு. அது தவறினால் வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. 2025 சனவரியில் பஸ், முச்சக்கர வண்டிகளின் மேலதிகச் சோடனைகளைப் பொலிசார் கழற்றச் சொன்னதையும் மறக்க வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுப்பதானால் துண்டில் ஒரு வரி எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: எஞ்சின், செசி இலக்கங்கள் புக்கோடு பொருந்தாவிட்டால் பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்று. எங்கள் துண்டில் அந்த வரி இல்லை. மூன்று தடவை நடந்து, இரண்டு பெரியவர்களை நடுவில் வைத்துப் பேசியதில் ஐம்பதாயிரம் திரும்பி வந்தது. மருமகன் இப்போது ஒரு டியோ ஸ்கூட்டரில் போகிறார். அதன் புக்கை வாங்கு முன்பே அவரே படித்துவிட்டார்.