மடக்குப் பிழைத்திருத்தம்: பை மதிப்பைக் காணும் நிரல்

மடக்கு (லூப்) என்பது ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை சில கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் நிரல் பகுதி ஆகும். தொடர்களைக் கூட்டித் தோராய மதிப்பைக் காணும் நிரல்களில் மடக்கு தவறினாலும் ஏதோ ஓர் எண் விடையாக வந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாததால் தவறு எளிதில் புலப்படுவதில்லை.

எடுத்துக்காட்டு

கேரளக் கணிதவியலாளர் சங்கமகிராம மாதவனும் (சுமார் 1340–1425), பின்னர் ஐரோப்பாவில் லைப்னிட்சும் கண்ட தொடர்:

பை = 4 − 4/3 + 4/5 − 4/7 + …

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியில் இதன் முதல் 10 உறுப்புகளைப் பின்வருமாறு கூட்டலாம்:

மொத்தம் = 0
குறி = 1
சுற்று = 0
@( சுற்று < 10 ) வரை
  மொத்தம் = மொத்தம் + குறி*4.0/(2*சுற்று + 1)
  குறி = 0 - குறி
  சுற்று = சுற்று + 1
முடி
பதிப்பி மொத்தம்

சரியான விடை 3.0418.

பொதுவான பிழைகள்

- சுற்றை ஒன்று கூட்டும் வரி விடுபட்டால் நிபந்தனை என்றும் பொய்யாகாது; நிரல் நிற்காது. மொத்தம் 4, 0, 4, 0 என மாறிக்கொண்டிருக்கும்.
- சுற்று 1இல் தொடங்கினால் முதல் உறுப்பு விடுபடும். எத்தனை உறுப்புகளைக் கூட்டினாலும் விடை 0.8584ஐ (4 − பை) நோக்கியே செல்லும்.
- "<" என்பதற்குப் பதில் "<=" இட்டால் 11 உறுப்புகள் சேர்ந்து 3.2323 வரும்.
- "மொத்தம் = 0" மடக்கின் உள்ளே இருந்தால் கடைசி உறுப்பான −0.2105 மட்டுமே மிஞ்சும்.
- குறி மாறாவிட்டால் 8.5330 வரும், உறுப்புகள் கூடக்கூட அது வரம்பின்றி வளரும்.
- சி++ மொழியில் 4.0 என்பதை 4 என எழுதி, மாறிகளையும் முழு எண்களாக அறிவித்தால் 4/3 என்பது 1 ஆகும். 4/5 முதலியவை 0 ஆகும். விடை எப்போதும் 3. பைக்கு அருகில் இருப்பதால் இப்பிழை எளிதில் ஏமாற்றும்.

கண்டறியும் முறை

மடக்கின் உள்ளே மொத்தத்தைப் பதிப்பித்து, முதல் மூன்று சுற்றுகளைக் கையால் கணித்த 4, 2.6667, 3.4667 ஆகியவற்றுடன் ஒப்பிட வேண்டும். எந்தச் சுற்றில் எண்கள் முதன்முதலாக வேறுபடுகின்றனவோ, அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம்.

பிழையல்லாத வேறுபாடு

3.0418 என்பது 3.1416இலிருந்து விலகியிருப்பது நிரலின் குற்றமன்று. இத்தொடர் மிக மெதுவாகவே பையை நெருங்கும். 1000 உறுப்புகளுக்குப் பின்னும் 3.1406தான் கிடைக்கும். மாதவன் மரபினர் இதை அறிந்து, எஞ்சும் பகுதிக்குத் திருத்த உறுப்புகளை வகுத்தனர். அவற்றுள் ஒன்றின்படி, 10 உறுப்புகளின் கூட்டலுடன் 40/401ஐச் சேர்த்தால் 3.14159 கிடைக்கிறது. விடை விலகும்போது மடக்கைத் திருத்துவதா, முறையை மேம்படுத்துவதா என்பதைக் கைக்கணக்குடன் ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்ய இயலும்.