கதையின் முடிவை மாற்றி எழுதுதல்

நல்ல நாவல் ஒன்றைப் படித்து முடித்தவர், "இதை ஆசிரியர் இவ்வாறு முடித்திருக்கலாகாதா?" என ஏங்குவது இயல்பே. அஃது ஆசிரியரை அவமதிப்பதன்று. கதையில் முற்றும் தோய்ந்தமையின் அடையாளமாகும். ஆங்கில நாவலாசிரியராம் டிக்கன்ஸும், 1861ஆம் ஆண்டு தம் நாவலொன்றின் துயர முடிவை, நண்பர் லிட்டன் வேண்ட, அச்சேறுமுன் மாற்றினார்.

தமிழில் இதற்குத் தக்க சான்று கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆகும். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த அந்நாவல் முடிந்ததும், பின்னர் நிகழ்ந்தது யாதென வாசகர் பலர் வினவினர். கல்கி முடிவுரை ஒன்றில் விடை பகர்ந்தார். பிற்காலத்தில் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எனத் தொடர்கதை படைத்தார்.

மாற்றி எழுதப் புகுவோர் மூன்றினை நோக்குதல் வேண்டும். முதலாவது, வரலாறு கட்டியவற்றை அவிழ்த்தல் ஆகாது. உத்தம சோழர் அரசாண்ட பின்னரே இராசராசர் கி.பி. 985இல் முடி புனைந்தார்; ஆதலின் அருள்மொழிவர்மருக்கு முன்னரே முடிசூட்டுதல் இயலாது. மந்தாகினி, மணிமேகலை போன்றோர் கல்கியின் கற்பனையில் பிறந்தோர். அவர்தம் ஊழை மாற்ற இடமுண்டு. இரண்டாவது, புதிய முடிவுக்கான வித்து முன்னைய அதிகாரங்களிலேயே இருத்தல் வேண்டும். மூன்றாவது, மாற்றத்தால் இழப்பது யாதென எண்ணுதல் வேண்டும்.

அப்புத்தளையில் நாம் இப்பயிற்சியை வகுப்பில் அளித்தபோது, தோட்டத்து மாணவன் ஒருவன் மந்தாகினியைத் தெரிந்தான். ஈழத்துக் கரையில் வாழ்ந்த அவ்வூமைப் பெண், தஞ்சை அரண்மனையில், சுந்தர சோழர்மீது எறியப்பட்ட வேலைத் தன்மேல் ஏற்று மாய்கிறாள். மாணவனோ அவளைப் பிழைக்கவைத்து, படகேற்றி ஈழத்துக்கே மீட்டனுப்பினான். தியாகம் குன்றிற்று எனக் கருதி, "பொருந்தாது" எனச் சிவப்பு மையால் எழுதினோம்.

அவனை அழைத்துக் காரணம் வினவினோம். "எங்கள் அம்மாயியின் அக்கா கப்பலேறிப் போனவர், சேர். திரும்பி வரவேயில்லை," என்றான். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குச் சென்றோர் மலையகக் குடும்பங்கள் பலவற்றில் உளர்.

மீண்டும் அவன் தாளைப் படித்தோம். இளமையில் சுந்தர சோழரைக் கப்பல் அழைத்தேக, மந்தாகினி கரையில் தனித்து நின்றதைக் கல்கியே எழுதியுள்ளார். அரண்மனை வாழ்வை அவள் நாடாமையும் கதையில் உண்டு. வித்து அங்கேயே கிடந்தது, நாம்தாம் காணவில்லை. மாணவனின் முடிவில், வேற்புண் ஆறியவள் தானே துடுப்பு வலிக்கிறாள். இம்முறை கரையில் நிற்பவர் மன்னர். தியாகமும் குன்றவில்லை, வேலை ஏற்றவள் அவளே அன்றோ!

சிவப்பு மையை அடித்து, "பொருந்தும்" என எழுதினோம். கல்கியின் முடிவு கல்கியுடையதாகவே நிலைக்கும். ஆயினும், தம் குடும்பத்தின் கதையைப் பிறர் முடிக்கக் கண்ட பிள்ளைகள் ஒரு கதையையேனும் தாமே முடித்துப் பார்த்தல் நன்று. பழைய மாணவரும் தம் இல்லத்துச் சிறாரை இதில் பழக்குவாராக.