விரலைப் பறிக்கும் "ஒத்தை பட்டன்"! ஷூ கம்பெனி ஆபரேட்டர்களே, உஷார்

ஆம்பூர்–

ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மிஷினில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மிஷின் இறங்கும். அதில் ஒன்றை டேப் போட்டு ஒட்டிவிட்டு வேலை செய்கிறவர்கள் விரலைப் பணயம் வைக்கிறார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஷூ கம்பெனி வேலைதான் சோறு போடுகிறது. ஒரு ஷூவின் முதல் வேலை நடப்பது "கிளிக்கிங்" பிரிவில்.

20 டன் அடி

பலகை மேல் தோலை விரித்து, அதன்மேல் "டை" என்ற இரும்பு அச்சை வைப்பார்கள். அச்சின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். மிஷினின் கையை டைக்கு மேல் இழுத்து வந்து பட்டனை அழுத்தினால் "டப்" என்று ஒரே அடி! 20 டன் அழுத்தம். தோல் துண்டாகி விழும். விரல் இருந்தால் அதுவும்தான்.

கண்ணுக்கும் வேலை

சும்மா பட்டன் அமுக்குற வேலைதானே என்று நினைக்க வேண்டாம். தோலில் உள்ள ஓட்டை, தழும்பை ஒதுக்கி வெட்ட வேண்டும். முதுகுப் பக்கத் தோல் கெட்டி. அது ஷூவின் முன்பாகத்துக்கு. வயிற்றுப் பக்கத் தோல் இழுத்தால் நீளும். அது வெளியே தெரியாத பாகத்துக்கு. இடது, வலது இரண்டும் ஒரே நிறமாக அமைய வேண்டும்.

நாலு ஜோடிக்காக...

இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்கு அடியில் கை போகாது. அதற்குத்தான் இரண்டு பட்டன். ஆனால் மணிக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு வந்ததும் அவசரம். ஒரு கையால் டையை நகர்த்தி, மறு கையால் அழுத்தினால் நாலு ஜோடி கூடும். டேப் ஒட்டினால் புது மிஷின்கள் பல இறங்காது. பழைய மிஷின் இறங்கிவிடும்!

என்ன செய்யலாம்?

மிஷினில் ஆபத்தான இடத்துக்குத் தடுப்பு வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஷிப்ட் ஆரம்பத்தில், அடியில் கை இல்லாமல், ஒரு பட்டனை மட்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். இறங்கினால் மெக்கானிக் வந்து சரிசெய்யும் வரை அந்த மிஷினில் வேலை செய்யக்கூடாது.

அடிபட்டால் அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். விரல் போய்விட்டால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு.

"வீட்டுக் கதவில் நசுங்கிப் போச்சு" என்று யார் எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால் அந்தப் பணமும் போச்சு!