சீமைச் சம்பளம் – 9
பி.ஆர். போட்ட பே ஸ்லிப்

போன வாரம் நேஷனல் இன்சூரன்ஸ் எண் கைக்கு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். எண் வந்தாயிற்று, வேலையும் கிடைத்தாயிற்று, முதல் சம்பளமும் வங்கியில் விழுந்தாயிற்று. அதற்குப் பிறகு பே ஸ்லிப்பைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு. பார்க்கிறவர்களும் கைக்கு எவ்வளவு வந்தது என்ற கடைசி வரியோடு மூடிவிடுகிறார்கள். அந்தச் சீட்டில் 'டாக்ஸ் கோடு' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பிரிட்டனில் மாதச் சம்பளக்காரனுக்கும் வாரச் சம்பளக்காரனுக்கும் வரி எவ்வளவு என்பதை அந்தக் கட்டம்தான் முடிவு செய்கிறது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே வீட்டை நெருக்கியடித்துப் பகிர்ந்துகொள்ளும் மாணவர்களில் ஒரு தஞ்சாவூர்ப் பையன் தன் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கும் வேலை. வாரத்துக்கு 20 மணி நேரம். பாடம் நடக்கும் மாதங்களில் அதற்கு மேல் வேலை செய்ய அவன் விசா இடம் கொடுக்காது. மணிக்கு 12.21 பவுண்டு, அதாவது 2025 ஏப்ரலில் 21 வயது நிரம்பியவர்களுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. வாரச் சம்பளம் 244.20. அதில் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் 18 பென்ஸ். வருமான வரி 48.80. கைக்கு வந்தது 195.22.

"இங்க எல்லாருக்குமே இருபது பர்சன்ட் பிடிப்பாங்களாமேண்ணே, சரிதானே?" என்று கேட்டான்.

"டாக்ஸ் கோடு என்ன போட்டிருக்கு?"

"பி.ஆர்.னு இருக்குண்ணே."

அங்கேதான் கோளாறு. பிரிட்டனில் ஒருவர் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை சம்பாதித்தால் வருமான வரி கிடையாது. 2021-லிருந்து இந்த வரம்பு நகராமல் அப்படியே நிற்கிறது. கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு ஓர் எழுத்தைச் சேர்த்தால் 1257எல். பெரும்பாலோர் சீட்டில் இருக்க வேண்டிய குறியீடு இதுதான். வாரக் கணக்கில் பார்த்தால் சுமார் 242 பவுண்டுக்கு வரி இல்லை. நம் பையன் இதே கூலிக்கு 52 வாரமும் விடாமல் உழைத்தாலும் ஆண்டு வருமானம் 12,698 பவுண்டுதான். அதற்கு முழு ஆண்டுக்கும் சேர்த்து வரி 26 பவுண்டைத் தொடாது. ஒரே வாரத்தில் அவனிடம் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு பிடித்திருக்கிறார்கள். பி.ஆர். என்று இருந்தால் வரிவிலக்கு வரம்பு இந்த வேலைக்குக் கிடையாது, முதல் பென்னியிலிருந்தே இருபது சதவீதம் என்று பொருள்.

சூப்பர் மார்க்கெட் அவனை ஏமாற்றவில்லை. வரித் துறையும் ஏமாற்றவில்லை. நம் ஊர் ரேஷன் கார்டை முன்பெல்லாம் ஒரு கடையில் பதிந்தால் அந்தக் கடையில்தான் அரிசி. இங்கே வரிவிலக்கு வரம்பும் அப்படித்தான், வழக்கமாக ஒரு வேலையில்தான் பதிவாகும். இரண்டாவது வேலை என்று வரிக் கணினிக்குத் தெரிந்தால் அதற்கு பி.ஆர். விழும். இந்தப் பையன் வந்த புதிதில் ஒரு கிடங்கில் மூன்று வாரம் பெட்டி தூக்கியிருக்கிறான். பிறகு அவர்கள் ஷிப்ட் கொடுக்கவில்லை, இவனும் போகவில்லை. இத்தனை மணி நேரம் வேலை என்ற உறுதி இல்லாத ஜீரோ ஹவர்ஸ் ஒப்பந்தம் என்பதால் கிடங்கின் பதிவேட்டில் அவன் இன்னும் ஊழியன்தான். வேலையை விட்டதற்கான பி45 தாளும் வரவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் சேரும்போது கொடுத்த படிவத்தில், வேறு வேலையும் இருக்கிறது என்று பொருள்படும் 'சி' வாசகத்தில் டிக் அடித்திருக்கிறான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யுமில்லை. ஆக, 12,570 பவுண்டு வரம்பு முழுவதும் ஒரு பைசா சம்பளம் தராத கிடங்கில் உறங்குகிறது. சம்பளம் தரும் இடத்தில் வரி பிடிக்கிறார்கள்.

இதில் யாரைக் குறை சொல்வது என்று கேட்டால், நான் இந்த ஏற்பாட்டின் வயதைத்தான் சொல்வேன். சம்பளத்திலேயே வரி பிடிக்கும் இன்றைய 'பி.ஏ.ஒய்.இ.' முறை 1944 ஏப்ரலில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்காக வரி வலையை விரித்ததில் சாதாரணத் தொழிலாளிகளும் முதன்முறையாகப் பெரும் எண்ணிக்கையில் உள்ளே வந்தார்கள். அவர்களிடம் பழையபடி பின்னாளில் வசூலிப்பது நடக்கிற காரியமாக இல்லை. அப்போதைய நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட் இந்தத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் அறிவிக்க இருந்த நாளிலேயே, 1943 செப்டம்பர் 21 அன்று, இறந்துபோனார். திட்டத்துக்கு உருக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் சேம்பர்ஸ் என்ற அதிகாரி. நமக்கு அவர் முற்றிலும் அந்நியரும் இல்லை: 1937 முதல் 1940 வரை இந்திய அரசின் வருமான வரி ஆலோசகராக இருந்தவர், பின்னாளில் ஐ.சி.ஐ. என்ற ரசாயன நிறுவனத்தின் தலைவரானார்.

அவர்கள் வடிவமைத்ததில் ஒரு நல்ல சூட்சுமம் உண்டு. ஏப்ரல் 6-இல் தொடங்கும் வரி ஆண்டில், ஒவ்வொரு சம்பளத்தின்போதும் அன்றுவரை வாங்கிய மொத்தச் சம்பளத்தையும் அன்றுவரை சேர்ந்த வரிவிலக்கையும் புதிதாகக் கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். இதனால் பாதி ஆண்டு வேலையில்லாமல் இருந்தவனுக்கு அந்தப் பாதி ஆண்டின் விலக்கும் சேர்ந்தே வரும். கூடுதலாகப் பிடித்திருந்தால் அடுத்த சம்பளத்திலேயே திரும்பிவிடும். ஆண்டு முடிவில் பெரும்பாலோர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. இந்தியாவில் டி.டி.எஸ். பிடித்ததை மீட்கக்கூட ரிட்டர்ன் போட்டாக வேண்டும். பிரிட்டனில் சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரு ரிட்டர்னும் போட்டதில்லை. ஆனால் இவ்வளவும் ஓர் ஆள், ஓர் ஆலை, ஒரு சம்பளக் கவர் என்ற கணக்கில் செய்தது. காலையில் கிடங்கு, மாலையில் பெட்ரோல் பங்க், வார இறுதியில் டேக்அவே என்று ஓடுகிறவனை அந்த ஏற்பாட்டுக்கு அடையாளம் தெரிவதில்லை. தகவல் இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் வரியைக் குறைத்துப் பிடிக்காது, கூட்டித்தான் பிடிக்கும்.

இன்னொரு கோளாறும் அடிக்கடி கண்ணில் படும். குறியீடு 1257எல் என்று சரியாகவே இருக்கும், ஆனால் வாலில் டபிள்யூ1, எம்1 அல்லது எக்ஸ் ஒட்டியிருக்கும். இது 'எமர்ஜென்சி' கோடு. முன்கணக்கைப் பார்க்காதே, இந்த வாரத்தையோ மாதத்தையோ தனியாக வைத்து வரி பிடி என்று அதற்குப் பொருள். செப்டம்பரில் வந்து மாதம் 2,000 பவுண்டு சம்பளத்தில் சேரும் ஒரு நர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அவருக்கு பிரிட்டனில் வருமானமே இல்லை. சரியான கணக்கில் மார்ச் வரையிலான ஏழு சம்பளத்துக்கும் சேர்த்து வரி 286 பவுண்டு. எம்1 ஒட்டியிருந்தால் மாதம் 190.50 வீதம் 1,333.50. வித்தியாசம் ஆயிரம் பவுண்டுக்கு மேல். பழைய வேலையின் பி45 கைவசம் இல்லாமல் சேர்ந்தால் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எப்படி மீட்பது? எல்லோரும் முதலில் ஓடுவது மேனேஜரிடம்தான். பலன் இருக்காது. வரித் துறை அனுப்பிய குறியீட்டை முதலாளி தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பேச வேண்டியது ஹெச்.எம்.ஆர்.சி.யிடம், அதாவது பிரிட்டிஷ் வருவாய், சுங்கத் துறையிடம். தஞ்சாவூர்ப் பையன் செய்ய வேண்டியிருந்தது இரண்டு காரியம். கிடங்குக்கு எழுத்தில் ராஜினாமா அனுப்பி பி45 கேட்பது ஒன்று. ஹெச்.எம்.ஆர்.சி.யின் ஆப்பிலோ இணையக் கணக்கிலோ நுழைந்து, பழைய வேலை இன்ன தேதியோடு முடிந்தது என்று பதிவது மற்றொன்று. தொலைபேசியிலும் சொல்லலாம். ஆனால் 2022-23 ஆண்டில் அந்தத் துறையை அழைத்தவர்கள் லைனில் காத்துக் கிடந்த நேரத்தைக் கூட்டினால் 798 ஆண்டு வருகிறது என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகமே எழுதியிருக்கிறது. முடிந்தவரை ஆப்பே மேல்.

தகவல் போனதும் புதிய குறியீடு முதலாளியின் பேரோலுக்கு நேரே போகும். வால் இல்லாத 1257எல் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே நடக்கும். அடுத்த சம்பளத்தில் வரிக்கான இடத்தில் ஒரு மைனஸ் குறி தெரியும். அதுவரை கூடுதலாகப் பிடித்ததெல்லாம் சம்பளத்தோடு சேர்ந்து வந்திருக்கும். வரி ஆண்டு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். இந்தப் பையன் இருபது வாரம் பேசாமல் இருந்திருந்தால் 976 பவுண்டு போயிருக்கும். நம் காசில் லட்ச ரூபாய்க்கு மேல். நேஷனல் இன்சூரன்ஸ் பிடித்தத்துக்கும் இந்தக் குறியீட்டுக்கும் சம்பந்தம் இல்லை, அதில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஏப்ரல் 5 தாண்டிவிட்டால் முதலாளி கையில் ஒன்றுமில்லை. மே 31-க்குள் அவர் தர வேண்டிய பி60 தாளில் ஆண்டு முழுவதுக்குமான சம்பளமும் வரியும் இருக்கும், பத்திரப்படுத்துங்கள். ஜூன் தொடங்கி ஹெச்.எம்.ஆர்.சி. கணக்குப் பார்த்து, கூடுதல் பிடித்தவர்களுக்கு பி800 என்ற கடிதம் அனுப்பும். காசோலை தானாக வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கடிதத்தைப் படித்து, இணையத்தில் கோரச் சொல்லியிருந்தால் கோருங்கள். வீடு மாறியும் முகவரி மாற்றாதவர்களின் கடிதம் பழைய வீட்டு வாசலில் பீட்சா நோட்டீஸோடு கிடக்கும். உங்கள் வரிப் பணம் இவ்வளவு காத்திருக்கிறது, இந்த லிங்க்கை அழுத்துங்கள் என்று குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். அது திருடன் அனுப்பியது.

லிங்க் அனுப்பாமல் சட்டப்படியே கை வைக்கும் ஒரு கூட்டமும் உண்டு. மீட்டுத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கமிஷன் நிறுவனங்கள். கையெழுத்து வாங்கும்போதே, திரும்பி வரும் தொகையின் உரிமையையே தங்கள் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கம் இவர்களில் சிலருக்கு இருந்தது. புகார் குவிந்து, 2023 மார்ச் 15 முதல் அப்படி எழுதி வாங்குவது செல்லாது என்று சட்டம் வந்தது. கமிஷன் மட்டும் ஒழியவில்லை. ஒரு வேலை முடிந்த தேதியைத் தட்டச்சு செய்வதற்கு மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ கொடுப்பது எனக்கு வயிறெரிகிற சங்கதி.

எதிர்ப்பக்கக் கதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இரண்டு வேலையிலும் 1257எல் விழுந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். குறைத்துப் பிடித்ததை அடுத்த ஆண்டுகளின் குறியீட்டைக் குறைத்தே வாங்கிவிடுவார்கள்.

படிப்போ ஒப்பந்தமோ முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆண்டின் நடுவில் கிளம்பியவர்களுக்குப் பெரும்பாலும் ஏதாவது பாக்கி வரும், ஏனென்றால் மீதி மாதங்களின் விலக்கை அவர்கள் பயன்படுத்தியே இருக்க மாட்டார்கள். பி85 என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். சம்பந்தப்பட்ட வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை கோரலாம்: 2022-23-இல் போன பணத்துக்குக் கெடு 2027 ஏப்ரல் 5. கிளம்புகிற அவசரத்தில் லண்டன் வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள். பவுண்டு காசோலையைக் கும்பகோணத்து வங்கிக் கிளையில் கொடுத்து மாற்றுவது தனிப் போராட்டம். மூடியே விட்டீர்கள் என்றால், அங்கே இருக்கும் நம்பிக்கையான ஒருவரைப் பணம் பெறுபவராக அதே படிவத்தில் நியமிக்க இடம் உண்டு.

(அடுத்த வாரம்: பென்ஷன் பிடித்தம், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?)