மொபெட் பராமரிப்பு: வீட்டிலேயே செய்யக் கூடிய வேலைகள்

விடியற்காலையில் கறந்த பாலைக் கேனில் ஊற்றி, மொபெட்டில் கட்டிக் கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குப் புறப்படுகிறார் ஒரு விவசாயி. பாதி வழியில் செயின் அறுந்து விடுகிறது. பக்கத்தில் பட்டறை இல்லை. வேறு வண்டி பிடித்துச் சங்கத்தை அடைவதற்குள் கொள்முதல் நேரம் முடிந்து விடுகிறது. கறந்த பால் காத்திருக்காது. கோடையில் சில மணி நேரத்தில் திரிந்து விடும். அன்றைய பால் பணமும் போயிற்று. புதுச் செயினுக்குச் செலவும் வந்தது.

இத்தனைக்கும் அந்தச் செயின் ஒரே நாளில் கெட்டதல்ல. பல வாரங்களாகவே தொய்ந்து, எண்ணெய் காய்ந்து, சத்தம் போட்டு எச்சரித்திருக்கும். மாட்டைத் தினமும் தட்டிப் பார்த்து நோயைக் கண்டு கொள்ளும் விவசாயி, வண்டியையும் வாரம் ஒரு முறை அதே கண்ணோடு பார்த்தால் இத்தகைய நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் விற்பனைக்கு வந்தது. அதன் பின் தமிழகக் கிராமங்களில் மொபெட் ஒரு சிறு மாட்டு வண்டியாகவே மாறி விட்டது. பழைய வண்டிகள் டூ-ஸ்டிரோக் இன்ஜின் கொண்டவை. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 போர்-ஸ்டிரோக் இன்ஜின் கொண்டது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதி அமலுக்கு வந்ததால், அதன் பின் வந்த வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் பம்பும் இன்ஜெக்டரும் உள்ளன. தன் வண்டி எந்த வகை என்று தெரிந்து கொண்டு பராமரிப்பது அவசியம்.

தேவையான சாமான்கள்

ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், பழைய பல் துலக்கும் பிரஷ், கிழிந்த துணி, எண்ணெய்க் கேன், காற்று அளக்கும் கேஜ், சிறிய கைப் பம்பு ஆகியவை போதும். வண்டியுடன் கொடுத்த கையேட்டைப் பரணில் போட்டு விடாமல் இவற்றுடன் வைத்துக் கொள்ள வேண்டும். கீழே கூறும் அளவுகள் பொதுவானவை. கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

டயரும் பிரேக்கும்

டயரில் காற்றை வாரம் ஒரு முறை, வண்டி ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும் போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான பின் அளந்தால் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். தனியாளாகச் செல்லும் போது ஓர் அளவும், பாரத்துடன் செல்லும் போது பின் சக்கரத்துக்கு அதிக அளவும் கையேட்டில் கொடுக்கப்பட்டிருக்கும். தினமும் பால் கேன் ஏற்றுபவர்கள் இரண்டாவது அளவையே கடைப்பிடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் பெட்ரோலைக் குடிக்கும். பக்கவாட்டில் வெடிப்பு விடும். குழியில் இறங்கினால் டியூப் நசுங்கிப் பஞ்சராகும். வால்வுக்கு மூடி போடாமல் விடக் கூடாது.

கம்பிச் சக்கரமாக இருந்தால், மாதம் ஒரு முறை ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். நன்கு இழுத்திருக்கும் கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். அதை இறுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுப்பது பட்டறை வேலை.

டிரம் பிரேக்கில் ஷூ தேயத் தேய, லீவரை அதிகம் அழுத்த வேண்டி வரும். சக்கரத்தின் அருகில் உள்ள சரி செய்யும் நட்டை வலப்புறம் சிறிது சிறிதாகத் திருகி இதைச் சரி செய்யலாம். திருகிய பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும். உரசாமல் சுற்றினால் சரி. உரசினால் அரை சுற்றுத் தளர்த்த வேண்டும். நட் முடியும் வரை திருகியும் பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஷூ தேய்ந்து விட்டது என்று பொருள். டிரம்மைத் திறக்கும் போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது; அது நுரையீரலுக்குக் கெடுதி. ஈரத் துணியால் துடைப்பதே சரி. 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சி.சி. வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் ஒரு லீவரை அழுத்தினால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு உண்டு. அதன் இணைப்புக் கேபிளை வீட்டில் கழற்றாமல் இருப்பது நல்லது.

செயின்

ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், மழையில் நனைந்த பின்னும் செயினுக்கு எண்ணெய் இட வேண்டும். முதலில் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து விட வேண்டும். இன்ஜின் ஓடும் போதே துணியால் செயினைத் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. சக்கரத்தைக் கையால் சுற்றியே துடைக்க வேண்டும்.

சாதாரணச் செயினை மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, மணலும் பழைய பிசுக்கும் போன பின் துணியால் துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உட்புறத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிறிது நேரம் கழித்து வெளியே வழியும் ஆயிலைத் துடைத்து விட வேண்டும். இல்லாவிட்டால் அதில் புழுதி ஒட்டி, அரத்தைப் போல் செயினை அறுக்கும். இன்ஜினிலிருந்து எடுத்த கறுப்பு ஆயிலைச் செயினுக்கு விடும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. அதில் இரும்புத் துகளும் கசடும் கலந்திருப்பதால் அது நன்மையை விடத் தீமையே செய்யும். டயரிலோ பிரேக் டிரம்மிலோ ஒரு சொட்டும் படாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம் அசைய வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நான்கு இடங்களில் இதைப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் இந்த அளவு இருக்குமாறு வைக்க வேண்டும். பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் உள்ள அளவுக் கோடுகள் சமமாக இருக்கும்படி இழுத்து, மறுபடி நட்டை நன்றாக முடுக்க வேண்டும். தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டுவதும் தவறு. பாரம் ஏறிப் பின்புறம் அமுங்கும் போது செயின் மேலும் இறுகி, அறுந்து போகவோ பேரிங் கெடவோ நேரும்.

பின் பல் சக்கரத்தில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தால், பல்லின் பாதி வெளியே தெரியுமானால் செயின் தேய்ந்து விட்டது. அப்போது இரு பல் சக்கரங்களையும் சேர்த்து முழு செட்டாக மாற்ற வேண்டும். பழைய பல் சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் விரைவில் தேயும்.

ஆயில்

போர்-ஸ்டிரோக் வண்டியில் இன்ஜின் ஆயில் அளவை இரு வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, அளவுக் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் கறுத்திருப்பது மட்டும் கோளாறாகாது. ஆனால் பால் காபி போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்து விட்டது என்று பொருள். ஓடையைக் கடந்த பின்னோ வெள்ளத்தில் நின்ற பின்னோ இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெளுத்த ஆயிலோடு வண்டியை ஓட்டினால் இன்ஜின் பழுதாகும்.

டூ-ஸ்டிரோக் வண்டியில் பெட்ரோலுடன் கலக்கும் டூ-டி ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. ஆயிலை மிச்சம் பிடிக்கக் குறைத்து ஊற்றினால் பிஸ்டன் சிக்கிக் கொள்ளும். அதிகம் ஊற்றினால் புகையும், பிளக்கில் கரியும் வரும். பல வண்டிகளுக்கு லிட்டருக்கு 20 மில்லி லிட்டர் என்பது கணக்கு.

மாற்றிய பழைய ஆயிலை வரப்பிலோ வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. சிறிதளவு ஆயிலே குடிநீரைப் பாழாக்கி விடும். ஒரு கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்து விடலாம்.

ஏர் பில்டரும் பிளக்கும்

களத்து மேட்டுத் தூசியும் வண்டிப் பாதைப் புழுதியும் ஏர் பில்டரை விரைவில் அடைத்து விடும். அடைத்தால் பெட்ரோல் அதிகம் செலவாகும், இழுவை குறையும். ஆகவே அறுவடைக் காலத்தில் இதை அடிக்கடி பார்ப்பது நல்லது. நுரைப் பஞ்சு வகையானால் சோப்பு நீரில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, சில சொட்டு இன்ஜின் ஆயில் தடவிப் பிழிந்து மாட்ட வேண்டும். காகித வகையானால் தண்ணீரோ எண்ணெயோ படக் கூடாது. தட்டித் தூசியை உதிர்க்கலாம். மிகவும் அடைத்திருந்தால் புதிது போட வேண்டும். பில்டர் இல்லாமல் ஓட்டினால் மணல் உள்ளே போய்ச் சிலிண்டரையும் ரிங்கையும் தேய்த்து விடும்.

பிளக்கை இன்ஜின் ஆறிய பின்பே கழற்ற வேண்டும். அதன் முனை இளம் பழுப்பு நிறமாக இருந்தால் இன்ஜின் நலமாக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பில்டர் அடைப்போ அதிகப் பெட்ரோலோ காரணம். எண்ணெய் ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம். வெளுத்திருந்தால் இன்ஜின் அதிகம் சூடாகிறது. மாட்டும் போது முதல் சில சுற்றுகளைக் கையால் திருகிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். மரை கெட்டால் பெருஞ்செலவு.

பெட்ரோல்

இப்போது பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலந்துள்ளது. கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஆகவே மழைக் காலத்தில் டேங்க் மூடியின் ரப்பர் வளையம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாயில் வெடிப்போ கசிவோ தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். புது வகை வண்டியில் டேங்கை வற்ற விடக் கூடாது. உள்ளிருக்கும் பம்பு பெட்ரோலாலேயே குளிர்கிறது.

உரமும் சாணமும்

யூரியா, பொட்டாஷ் போன்ற உரங்கள் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். உர மூட்டை கொண்டு வந்த அன்றே வண்டியை நீர் விட்டுக் கழுவி, உலர்ந்த பின் செயினுக்கு எண்ணெயும் கேபிள் முனைகளுக்குக் கிரீஸும் இட வேண்டும். மோட்டார்த் தண்ணீரை நேராகச் சக்கர நடுவிலும், சைலன்சர் வாயிலும், பில்டர் மேலும் அடிக்கக் கூடாது. சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

பாரக் கணக்கு

கையேட்டில் கூறியுள்ள அதிகபட்சப் பாரத்தில் ஓட்டுபவரின் எடையும் சேரும். 40 லிட்டர் பால் ஏறக்குறைய 41 கிலோ. கேன் எடை தனி. இரண்டு கேனும், 60 கிலோ எடையுள்ள ஆளும் சேர்ந்தால் 140 கிலோவைத் தாண்டி விடும். ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. பாரம் கூடினால் பிரேக் பிடித்தும் வண்டி நிற்கும் தூரம் கூடும். பாரம் இரு பக்கமும் சமமாகவும், இயன்றவரை தாழ்வாகவும் இருக்க வேண்டும். பாதி நிறைந்த கேனில் பால் அலைமோதி வளைவில் வண்டியைச் சாய்க்கும். ஆகவே இரண்டு பாதிக் கேன்களை விட ஒரு முழுக் கேனை நடுவில் கட்டுவது பாதுகாப்பானது.

சிறு மாற்றங்கள்

கேரியர் வைப்பவர்கள் அதைச் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும். மட்கார்டில் மட்டும் மாட்டினால் ஆட்டத்தில் பிய்ந்து விடும். சட்டத்தை வெட்டியோ துளைத்தோ வெல்டிங் வைப்பது ஆபத்து. பதிவு விவரத்தை மாற்றும் வேலைகளுக்குச் சட்டமும் இடம் தராது. முன் சக்கரத்துக்கு நீண்ட ரப்பர் மட்பிளாப் போட்டால் சேறு இன்ஜின் மேல் படியாது.

புல்லுக்கட்டு ஏற்றும் போது பின் விளக்கு மறைந்து விடுகிறது. இருட்டில் பின்னால் வரும் லாரிக்கு வண்டி தெரியாது. கேரியரின் ஓரத்திலும் பால் கேனிலும் சிவப்பு ஒளி எதிரொலிக்கும் நாடாவை ஒட்டினால் சிறு செலவில் உயிருக்குக் காவல் கிடைக்கும். எல்.இ.டி. பல்பு போடுபவர்கள் வண்டிக்கு ஏற்றதையே வாங்கி, ஒயரை வெறுமனே முறுக்காமல் டேப் சுற்ற வேண்டும். பியூஸ் போனால் அதே ஆம்பியரில் புதிது போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றி விட்டால் ஒயர் எரிந்து வண்டியே தீப்பிடிக்கும்.

பட்டறைக்கு விட வேண்டியவை

வால்வு சரி செய்தல், இன்ஜெக்டர், மின் சென்சார், சக்கரப் பேரிங், கிளட்ச் ஆகியவற்றை வீட்டில் தொட வேண்டாம். மற்றவற்றை ஒரு நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் குறித்துச் செய்து வந்தால், அடுத்த வேலை எப்போது என்று தெரியும். மெக்கானிக்கிடம் சரியாகச் சொல்லவும் இயலும்.

ஞாயிறு காலையில் பால் ஊற்றித் திரும்பிய பின் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். மறுநாள் பால் நேரத்தோடு சங்கம் சேரும். போனவரும் நலமாக வீடு திரும்புவார்.