கஞ்சிப் பானையும் தலைக் கணக்கும்

பசித்தோர்க்கு உணவளித்தலைத் தலையாய அறமெனப் போற்றியோர் தமிழர். ஆயினும் அவ்வறத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். உண்போர் எத்தனை பேர் என்றறிந்தே வீட்டில் உலை வைக்கிறோம். வழியடைபட்ட நிலத்திலோ, அக்கணக்குப் பிழைத்தால் உயிர் பிழையாது. வன்னிப் பெருநிலம் உலகுக்கு உணர்த்திய பாடம் இதுவேயாகும்.

2008 செப்டெம்பரில், அரசின் பணிப்பின்படி ஐக்கிய நாடுகளின் பணியாளர் கிளிநொச்சியை விட்டு நீங்கினர். அதன்பின் உலக உணவுத் திட்டத்தின் லொறித் தொடர்கள் வவுனியாவுக்கு வடக்கேயுள்ள ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து, 2009 ஜனவரி வரை 11 முறை சென்றன. பின்னர் தரைவழி அடைபட்டது. பெப்ரவரி முதல் கப்பல் வழியே புதுமாத்தளன் கரைக்குச் சிறிதளவு உணவு சென்றது. மே 9 ஆம் நாளோடு அதுவும் நின்றது. மக்கள் வெளியேறவும் வழியில்லை. ஒருபுறம் படையினரின் எறிகணை, மறுபுறம் விடுதலைப் புலிகளின் தடை.

உள்ளே இருந்தோர் எத்தனை பேர்? 2009 தொடக்கத்தில், ஏறத்தாழ 70,000 என்றது அரசு. களத்தில் நின்ற அரச அலுவலரோ 3 இலட்சத்துக்கு மேல் என்றனர். போர் முடிந்தபின் முகாம்களை அடைந்தோர் ஏறத்தாழ 2,80,000 பேர். மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள்! 70,000 பேருக்கென அளந்த உணவை 2,80,000 பேர் பங்கிட்டால் நால்வருக்கு ஒருவர் சோறன்றோ கிட்டும்? ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி வேண்டும் என்பது நிவாரணப் பணியாளர் கொள்ளும் அளவு. அதில் காற்பங்கு 525.

அந்நாட்களில் உயிர் தாங்கியது கஞ்சி. அரிசி, நீர், உப்பு, அவ்வளவே. ஏனம் ஏந்திச் சிறுவர் வரிசையில் நின்றனர். அவ்வரிசைகளுக்கும் காவல் இருந்ததில்லை. 2009 ஏப்ரலில் அம்பலவன்பொக்கணையில், பால்மாவுக்காகக் காத்து நின்ற தாய்மார் மீதும் குழந்தைகள் மீதும் எறிகணைகள் வீழ்ந்ததை ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

பட்டினியைப் போர்க்கருவியாக்குதலைப் பாதுகாப்புச் சபை 2018 இல், 2417 ஆம் தீர்மானத்தின் வாயிலாகக் கண்டித்தது. நல்லதே. ஆயினும் பட்டினி எப்போதும் படைக்கலத்தோடு வருவதில்லை. சிலவேளை தாளில் குறைத்தெழுதிய ஓர் எண்ணாகவும் வரும்.

ஆண்டுதோறும் மே 18 ஐ ஒட்டி ஊர்தோறும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப்படுகிறது. அதைப் பிள்ளைகளுக்கு வார்க்கும் பெற்றோர், துயரக் கதையோடு இக்கணக்கையும் சொல்லிக் கொடுப்பாராக. நாளை அவர்களுள் ஒருவர் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து ஏதிலியரின் தொகையை எழுத நேரலாம். அன்று ஒரு தலையையும் அவர் விட்டுவிடலாகாது.